அரசாங்கக் கைத்தொலைபேசியும் உத்தியோகத்தரின் நாவும்

கொள்ளுப்பிட்டி வழியே செல்வோர் இரு கட்டடங்களைக் காணத் தவறுவதில்லை. ஒன்று, உயர்ந்த மதில்களாற் சூழப்பட்ட அலரி மாளிகை. பிரதமரின் உத்தியோகபூர்வ வாசத்தலமாக அறியப்படுவது. மற்றையது லிபர்ட்டி பிளாசா. கைத்தொலைபேசி வாங்குவோரும் பழுது பார்ப்பிப்போரும் நெருங்கித் திரியும் அங்காடித் தொகுதி. முன்னையது ஆணை பிறக்கும் இடம்; பின்னையது ஆணை ஏறிச் செல்லும் வாகனம் விற்பனையாகும் இடம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அரசின் ஆணையொன்று கோப்பு, தட்டச்சு, கையொப்பம், திகதி முத்திரை, அஞ்சற்பை என்னும் படிகள் யாவற்றையுங் கடந்தே மக்களை அடைந்தது. இன்று அவ்வாணை உள்ளங்கை அகலமேயுள்ள கருவியொன்றில் விரல் அசையும் நேரத்திற் பிறந்து, அதே நேரத்தில் அழிந்தும் போகின்றது. அரசாங்க அலுவலகம் என்பது சுவர்களுக்குள் இருந்த காலம் மறைந்து, சட்டைப் பைக்குள் இருக்கும் காலம் தோன்றிவிட்டது. இம்மாற்றத்தை இலங்கை அரசு எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஆராயுமிடத்து, கட்டுப்படுத்த வேண்டியதைக் கட்டவிழ்த்து விட்டும், கட்டவிழ்க்க வேண்டியதைக் கட்டிப்போட்டும் வந்தமை தெளிவாகும்.

2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியிற் பொது நிருவாக அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை இதற்குத் தலைசிறந்த சான்றாகும். தாபனவிதிக் கோவையின் 47 ஆம் அத்தியாயத்தைத் துணையாகக் கொண்டு, அரசாங்க உத்தியோகத்தர் சமூக ஊடகங்களிற் கருத்து வெளியிடுதல் ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என அது நினைவூட்டிற்று. அச்சுற்றறிக்கை பிறந்த சூழ்நிலை மனங்கொளத்தக்கது. நாட்டின் பொருளாதாரம் குலைந்து, அரிசியும் பால்மாவும் எட்டாப் பொருள்களாகிவிட்ட காலம் அது. பாடசாலைகளிற் பிள்ளைகள் பசியால் மயங்கி விழுகின்றனர் என்னுஞ் செய்தியைத் தென்பகுதி உத்தியோகத்தர் சிலர் வெளியிட்டிருந்தனர். சுகாதார அமைச்சர் அதனை மறுத்தார். அரசியல் நோக்குடையோர் மிகைப்படுத்துகின்றனர் என்றார். அடுத்து வந்தது சுற்றறிக்கை. பிள்ளையின் வயிற்றை நிரப்ப வழி காணாத நிருவாகம், அப்பிள்ளையின் பசியைச் சொன்ன வாயை அடைக்க வழி கண்டது. 'உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாமா?' என்பது பழமொழி. அன்று உலையே ஏறாத வீடுகள் பல இருந்தன. மூடுவதற்கு ஊர்வாய் ஒன்றே எஞ்சியிருந்தது.

இச்சுற்றறிக்கைக்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. அரச சேவை நடுவுநிலைமை வாய்ந்ததாக இருத்தல் வேண்டும். இன்று ஒரு கட்சியை ஏசுபவர் நாளை அக்கட்சி ஆளுகையில் அதன் கொள்கையை எங்ஙனம் நேர்மையுடன் நிறைவேற்றுவார் என வினவப்படுகின்றது. அலுவலின்பாற் கிடைத்த இரகசியத்தை முகநூலிற் கொட்டுதல் தகாது என்றும், சமூக ஊடகம் வதந்தியின் விளைநிலம் என்றும் சொல்லப்படுகின்றது. இறுதியாகக் கூறியது வெறுங் கற்பனையன்று. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் அயலிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாக்கப்பட்ட வேளையிற் சமூக ஊடகங்கள் வகித்த கொடிய பாத்திரத்தை எவரும் மறந்திலர். ஆகவே அரசாங்க உத்தியோகத்தர் எதையும் எங்கும் எழுதலாம் என வாதிடுதல் இங்கு நோக்கமன்று.

வாதிடப்படுவது வேறு. இம்மூன்று நியாயங்களும் மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை. குடிமகன் என்ற முறையில் ஒருவர் பேசும் பேச்சு ஒன்று. பதவியின் பெயரால் அவர் பேசும் பேச்சு மற்றொன்று. அரசின் பணத்தில் வாங்கி அரசின் தரவுகளைத் தாங்கி நிற்கும் கருவி மூன்றாவது. முதலாவது உரிமை; இரண்டாவது பொறுப்பு; மூன்றாவது உடைமை. உரிமையைக் காத்தல் வேண்டும், பொறுப்பைப் பதிவு செய்தல் வேண்டும், உடைமைக்குக் காவல் வைத்தல் வேண்டும். 2022 இன் சுற்றறிக்கையோ இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, காவல் வேண்டியிருந்த கருவியைப் பற்றி வாளாவிருந்து, காக்கப்பட வேண்டிய உரிமையின் மேற் பாய்ந்தது.

அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. அதனை மட்டுப்படுத்துதற்கு 15 ஆம் உறுப்புரை சட்டத்தை வேண்டி நிற்கின்றது. அமைச்சொன்றின் சுற்றறிக்கை சட்டமாகாது. ஆட்சியை எதிர்த்துப் பறையறைந்தும் மணியடித்தும் ஒலியெழுப்புவதுங்கூடப் பேச்சுச் சுதந்திரத்துள் அடங்கும் என 1992 ஆம் ஆண்டின் 'ஜன கோஷா' இயக்கம் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 1993 இல் தீர்ப்பளித்தது. பறையொலியே பேச்சாகுமெனின், பசித்த மாணவனைப் பற்றிய ஆசிரியரின் இரு வரி பேச்சாகாதா? அரச ஊழியர் வாய்திறந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்நாட்டில் முன்னுதாரணமும் உண்டு. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின் பின் ஏறத்தாழ 40,000 ஊழியர் வேலையிழந்தனர். அன்று வீதிக்கு வந்தோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்; இன்று வீட்டிலிருந்து எழுதுவோர் அச்சுறுத்தப்படுகின்றனர். கருவி மாறிற்றேயன்றி மனப்பாங்கு மாறவில்லை.

இனி, கட்டவிழ்த்து விடப்பட்ட பக்கத்தை நோக்குதல் வேண்டும். 2022 ஏப்ரல் 3 ஆந் திகதி அதிகாலையிலிருந்து, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில், முகநூல், வட்ஸ்அப், டுவிட்டர் முதலியன நாடெங்கும் பல மணிநேரம் முடக்கப்பட்டன. அந்நேரத்தில் அமைச்சரவையில் இருந்த நாமல் ராஜபக்ஷ, முடக்கத்தை மீறும் மென்பொருளொன்றின் துணையுடன் டுவிட்டரில் நுழைந்து, இத்தகைய தடைகளாற் பயனில்லை எனப் பகிரங்கமாகவே பதிவிட்டார். அவர் சொன்னது உண்மையே. ஆயினும் அவ்வுண்மை அரசின் நிலையை முழுதும் வெளிப்படுத்திவிட்டது. அரசு போட்ட பூட்டை அரசின் அமைச்சரே திறந்து காட்டினார். அவர்மேல் எந்தச் சுற்றறிக்கையும் பாயவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்கும் தாபனவிதிக் கோவை வாசித்துக் காட்டப்பட்டது. மேலே இருப்பவனுக்கு மீறல் உரிமை, கீழே இருப்பவனுக்கு மௌனம் கடமை என்பதே இதன் சாரமாகும்.

இவ்வேறுபாடு கருவியின் உடைமையிலும் புலனாகின்றது. உயர் பதவியிலுள்ளோர்க்குக் கருவியும் கட்டணமும் அரசின் செலவு. கிராம உத்தியோகத்தரும் அபிவிருத்தி உத்தியோகத்தரும் ஆசிரியரும் பெரும்பாலும் தம் சொந்தக் கருவியிலேயே, தம் சொந்தச் செலவிலேயே, மேலதிகாரி அமைத்த வட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு வருங் கட்டளைக்கும் விடையளிக்கின்றனர். சொந்தத் தொலைபேசி அரச வேலைக்கு அரசினதாகின்றது. அதே தொலைபேசியில் தம் கருத்தை எழுதும்போதும் அரசினதாகவே கருதப்படுகின்றது. அவர்க்கு எஞ்சுவது மாதாந்தக் கட்டணச் சீட்டு மட்டுமே.

பதிவில்லா ஆட்சியின் விளைவு வெறும் நிருவாகக் குறைபாடு அன்று. அது உயிர்களைப் பற்றியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொள்ளுப்பிட்டியின் சினமன் கிராண்ட் விடுதியிலும், கொட்டாஞ்சேனையைச் சார்ந்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பிலும், மட்டக்களப்பிலும், பிறவிடங்களிலும் 250 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவருள் தமிழ் பேசுவோர் பலர். தாக்குதல் பற்றிய முன்னெச்சரிக்கை ஏப்ரல் 4 ஆந் திகதியே அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்திருந்தது. அவ்வெச்சரிக்கையின் பயணத்திற் கடிதமும் தொலைபேசி அழைப்பும் வட்ஸ்அப் செய்தியும் இடம்பெற்றமை பின்னைய விசாரணைகளில் வெளிப்பட்டது. எவர் எப்போது அறிந்தார், அறிந்தவர் எவர்க்குச் சொன்னார் என்பனவே அவ்விசாரணைகளின் மைய வினாக்களாயின. 2023 ஜனவரி 12 ஆந் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் பொறுப்பாளிகளாகக் கண்டு, ஜனாதிபதியாயிருந்தவர் 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கடிதத்திற்குத் திகதி உண்டு, அனுப்பியவர் கையொப்பம் உண்டு, பெற்றவர் குறிப்பு உண்டு. ஆதலின் அது பொறுப்பை நிறுவ வல்லது. அழைப்புக்கும் அழியத்தக்க செய்திக்கும் அவ்வல்லமை இல்லை. நினைவும் மறுப்பும் மட்டுமே உண்டு. நீதி மறுப்பின் மேல் எழ முடியாது.

வாய்ச்சொல்லைப் பதிவாக்குதல் மேலைத்தேயத்தார் நேற்றுக் கற்பித்த பாடம் என எண்ணுவோர் தமிழர் நிருவாக வரலாற்றை அறியாதோரேயாவர். சோழப் பேரரசின் கல்வெட்டுகளும் செப்பேடுகளும், மன்னன் வாய்மொழியாகப் பிறப்பித்த ஆணை கடந்து செல்ல வேண்டிய படிகளை விரிவாகத் தெரிவிக்கின்றன. ஆணையைக் கேட்டவர் 'திருவாய்க்கேள்வி'. அதனை ஓலையில் எழுதியவர் 'திருமந்திர ஓலை'. எழுதியதை ஒப்பிட்டு உறுதிசெய்தவர் 'திருமந்திர ஓலை நாயகம்'. பின்னர் அது வரிப்பொத்தகத்திற் பதிவாயிற்று. இன்று இலங்கைத் தமிழர் அரச அலுவலகத்திற்கு வழங்கும் 'திணைக்களம்' என்னுஞ் சொல்லே சோழர்தம் புரவுவரித் திணைக்களத்தை நினைவுறுத்துவது. முடியாட்சியிலே, கேட்க எவருமில்லாத மன்னன் வாய்ச்சொல்லுக்குக்கூடக் கேட்டவர், எழுதியவர், ஒப்பிட்டவர் என மூவர் சாட்சியாயினர். சொல் வாங்கி, ஓலையாக்கி, பொத்தகத்திலிட்ட மரபின் பெயரைத் தாங்கிய திணைக்களங்கள் இன்று ஓலையுமின்றிப் பொத்தகமுமின்றி இயங்குதல் வரலாற்றின் எள்ளலாகும்.

உலகின் பிற நாடுகளில் நிகழ்ந்தவற்றையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். 2022 டிசெம்பர் இறுதியில் ஐக்கிய அமெரிக்கா தன் நடுவண் அரசின் கருவிகளில் டிக்டொக்கைத் தடைசெய்யுஞ் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2023 பெப்ருவரி 23 இல் ஐரோப்பிய ஆணைக்குழுவும், மார்ச் 16 இற் பிரித்தானிய அரசும் அவ்வழியே சென்றன. பிரான்சு மார்ச் 24 ஆந் திகதி மேலும் ஒருபடி சென்று, அரச ஊழியரின் பணித் தொலைபேசிகளிற் பொழுதுபோக்குச் செயலிகள் அனைத்தையும் விலக்கிற்று. இத்தடைகளின் பின்னே வல்லரசுப் போட்டியும் வணிகப் பூசலும் இருந்தன என்பது உண்மையே. சீன நிறுவனத்தின் செயலி உளவு பார்க்கும் எனவும் அமெரிக்க நிறுவனத்தின் செயலி உளவு பாராது எனவும் நம்புதற்கு வறிய நாடுகளுக்குக் காரணமில்லை. எனினும் இத்தடைகள் கருவியின் மேல் விதிக்கப்பட்டன. ஊழியரின் நாவின் மேல் அல்ல. பாரிசு நகர எழுதுவினைஞர் பணித் தொலைபேசியில் நீக்கிய செயலியைத் தம் சொந்தத் தொலைபேசியில் வைத்திருக்கத் தடையில்லை.

கருவிக்குக் காவல் இட்டதனால் மட்டும் அந்நாடுகள் தப்பிவிடவில்லை. கொவிட் கொள்ளைநோய்க் காலத்திற் பிரித்தானிய அமைச்சரும் அதிகாரிகளும் வட்ஸ்அப்பிலே முடிவுகளை விவாதித்தனர். விசாரணைக்குழு அச்செய்திகளைக் கோரியபோது அமைச்சரவை அலுவலகம் நீதிமன்றத்தை நாடி, 2023 ஜூலையிற் தோற்றது. ஸ்கொட்லாந்தின் முதலமைச்சராயிருந்த நிக்கொலா ஸ்ரேர்ஜன் தம் செய்திகள் அழிக்கப்பட்டமை பற்றி 2024 ஜனவரியில் அவ்விசாரணையின் முன் விடையிறுக்க நேர்ந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் பாதுகாப்பு உயர்பீடத்தினர் யெமன் மீதான தாக்குதலைப் பற்றிச் 'சிக்னல்' குழுவொன்றில் உரையாடி, அக்குழுவிற் பத்திரிகை ஆசிரியர் ஒருவரைத் தவறுதலாகச் சேர்த்துக்கொண்டமை உலகே அறிந்தது. இந்நிகழ்ச்சிகளிலிருந்து பெறப்படுவது ஒன்றே: அதிகாரம் தனக்கு வசதியான இருட்டைத் தேடுவது எந்நாட்டுக்கும் பொது, அவ்விருட்டைக் கேள்விக்குள்ளாக்கும் விசாரணையும் நீதிமன்றமும் பத்திரிகையும் இருத்தலே வேறுபாடு.

அத்தகைய கேள்விக்குரிய சட்டம் இலங்கையில் இல்லாமலில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 'தகவல்' என்பதனுள் மின்னஞ்சல், கணினிப் பதிவு, ஒலிப்பதிவு, கடிதத் தொடர்பு யாவற்றையும் வடிவ வேறுபாடின்றி அடக்குகின்றது. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் உருவாகும் பதிவேடுகள் குறைந்தது 12 ஆண்டுகள் பேணப்படல் வேண்டும் என அதன் 7 ஆம் பிரிவு விதிக்கின்றது. வட்ஸ்அப்பில் மறையுஞ் செய்திக்கு நிறுவனம் வகுத்துள்ள கால எல்லைகளோ 24 மணிநேரம், 7 நாள், 90 நாள் என்பன. பாராளுமன்றம் 12 ஆண்டு என்றது; அந்நிய நிறுவனத்தின் பொத்தான் 24 மணிநேரம் என்கின்றது. எது இந்நாட்டின் சட்டம்? 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் காப்பகச் சட்டத்தின் கீழ்ப் பொது ஆவணங்களைப் பேணும் பொறுப்புடைய திணைக்களம் ஒன்றும் கொழும்பில் உண்டு. அங்கே ஒல்லாந்தர் காலத்து ஏடுகள் பேணப்படுகின்றன. ஒல்லாந்த அதிகாரியின் முந்நூறாண்டுக் கடிதத்தை ஆய்வாளர் வாசிக்கலாம்; சென்ற ஆண்டு அமைச்சுச் செயலாளர் விடுத்த கைத்தொலைபேசிக் கட்டளையை வாசிக்க முடியுமா? இன்னும், தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு, வெளியிடத்தக்க தகவலை வெளியிட்ட ஊழியரைத் தண்டித்தல் கூடாது என்கின்றது. மாணவர் பட்டினியைச் சொன்னவர்மேல் ஒழுக்காற்று அச்சுறுத்தல் விடுத்தோர் அப்பிரிவின் உயிர்நாடியை வாசித்திருப்பின், தம் சுற்றறிக்கையின் மையைக் கீழே வைத்திருப்பர்.

தமிழ் பேசும் மக்களுக்கு இப்பிரச்சினை இரட்டைச் சுமையாகின்றது. 1987 இன் 13 ஆம் திருத்தமும் 1988 இன் 16 ஆம் திருத்தமும் தமிழை அரசகரும மொழியாகவும் நிருவாக மொழியாகவும் ஏற்றன. கொழும்பு, திம்பிரிகஸ்யாய ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகத்துக்கு உரியனவாகப் பிரகடனம் செய்யப்பட்டன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழர், தமிழில் எழுதித் தமிழில் விடை பெறுதற்குரிய உரிமை கடிதத்துக்கு உண்டு, வர்த்தமானிக்கு உண்டு. ஆயின் அமைச்சரின் முகநூற் பதிவுக்கும் மேலதிகாரியின் குழுச் செய்திக்கும் அவ்வுரிமையை எவர் வலியுறுத்துகின்றார்? அலுவல் முழுதும் அங்கே இடம்பெயர, மொழியுரிமை மட்டும் வெற்றுக் கடிதத் தாளில் எஞ்சி நிற்கின்றது. நீண்ட போராட்டத்தாற் பெற்ற உரிமையொன்று, எந்தச் சட்டத்திருத்தமுமின்றி, கருவி மாறியதனால் மட்டுமே கரைந்து போகின்றது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நாட்டைத் தாக்கி 600 இற்கும் மேற்பட்டோர் மாண்டபோது, எச்சரிக்கைகளும் அறிவுறுத்தல்களும் தமிழில் உரிய வேளையிற் போதியளவு கிட்டவில்லை என்ற குறை எழுந்தது. மலைச்சரிவிலே லயன் வரிசையில் வாழுந் தோட்டத் தொழிலாளிக்குப் பிறமொழியில் வரும் எச்சரிக்கை எச்சரிக்கையன்று. அது வெறும் ஒலி.

இதற்கு மறுமொழியாக, வட்ஸ்அப் இன்றி இன்று நிருவாகம் நடவாது. வெள்ளம் வருகையிற் கடிதம் தட்டச்சிட்டுக் கொண்டிருக்க முடியுமா என்பர். முடியாது, எவரும் அதனைக் கோரவுமில்லை. விரைவுக்கும் பதிவுக்கும் பகையில்லை. பிரித்தானிய அரசு 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டல், அலுவலகத்துக்குப் புறம்பான செயலிகளில் நிகழும் முக்கிய உரையாடல்களை அரச பதிவேட்டுக்கு மாற்றுதல் வேண்டும் எனப் பணிக்கின்றது. வெள்ள வேளையில் விரலாற் கட்டளையிடுக. வெள்ளம் வடிந்தபின் அதனைக் கோப்பிலிடுக. இதனைச் செய்தற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. பொறுப்பேற்கும் மனம் ஒன்றே வேண்டும். அம்மனம் இல்லாதவிடத்தே விரைவு என்பது மறைவின் மறுபெயராகின்றது.

எனவே வேண்டப்படுவன நான்கு. முதலாவது, குடிமகன் என்ற முறையில் உத்தியோகத்தர் தம் சொந்தக் கருவியிற் பேசும் பேச்சை ஒழுக்காற்று விதிகளின் பிடியிலிருந்து விடுவித்து, அலுவல் இரகசியம், பகைமையூட்டல், வழங்கப்பட்ட பதவியின் பெயரைப் பயன்படுத்தல் ஆகியவற்றை மட்டுமே குற்றமாக வரையறுத்தல். இரண்டாவது, அரசாங்கக் கைத்தொலைபேசியில் நிகழும் அலுவல் உரையாடலைப் பொது ஆவணமாக ஏற்று, மறையுஞ் செய்தி வசதியை அவ்வலுவல்களில் விலக்கி, 12 ஆண்டு பேணுதல். மூன்றாவது, அவ்விதி எழுதுவினைஞரிலிருந்தன்றி அமைச்சரிலிருந்து தொடங்குதல். கருவி வழங்கப்படாத கீழ்நிலை ஊழியரின் சொந்தத் தொலைபேசியை அலுவலுக்கு ஈர்ப்பதாயின் அதன் செலவை அரசே ஏற்றல். நான்காவது, அரசின் பெயரால் எத்தளத்தில் எது வெளியிடப்படினும் அதே வேளையிற் தமிழிலும் வெளியிடல். தமிழில் வராதது வெளியிடப்படாததாகவே கருதப்படல்.

இவை பெருங் கனவுகள் அல்ல. இருக்குஞ் சட்டங்களை இருக்குங் கருவிக்குப் பொருத்துதலே. இதனைச் செய்யாது, 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் போன்ற புதிய பூட்டுகளைத் தேடி அலைவது, வீட்டின் கதவைத் திறந்துவிட்டு அயலவரின் சாளரத்துக்குக் கம்பி அடிப்பதற்கு ஒப்பாகும். பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறுவோரிற் பெரும்பகுதியினர் நாளை அரச சேவையிலேயே அமரப் போகின்றவர். நியமனக் கடிதத்தைத் தொடர்ந்து வட்ஸ்அப் குழுவின் அழைப்பும் அவர்களை வந்தடையும். அக்குழுவில் ஒரு கட்டளை இரவில் வந்து காலையில் மறையும்போது, அதனைக் கோப்பிலிடுமாறு கேட்கும் முதற்குரல் அவர்களுடையதாகுமா, அன்றிப் பெருவிரலை உயர்த்திக் காட்டும் அடையாளம் மட்டும் அவர்களிடமிருந்து வருமா என்பதிலேயே இந்நாட்டு நிருவாகத்தின் நேர்மை தங்கியுள்ளது. பசித்த பிள்ளை மயங்கி விழுவதைக் கண்டவர் அதனைச் சொல்லுதற்கு அஞ்சாத நாளும், அபாயத்தை அறிந்தவர் அறிந்தேனில்லை என மறுக்க இயலாத நாளும் ஒரே நாளாகவே வருதல் கூடும். அந்நாள் சுற்றறிக்கையினால் வராது.